பனிமூட்டம் இரண்டு தடவை விலகியதா? மறு அயனியாக்கம் பற்றி ஒரு சந்தேகம்

மொட்டைமாடி | பிப்ரவரி 14, இரவு 10:20

எல்லோருக்கும் வணக்கம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நேற்று இரவு சாப்பிடும்போது இரண்டு பேரும் அண்டவியல் பற்றி ஒரு வீடியோ பார்த்தோம். பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை எலக்ட்ரான்கள் தனியாகத் திரிந்தன, அதனால் ஒளி நகர முடியாமல் எல்லாம் பனிமூட்டமாக இருந்தது, எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து ஹைட்ரஜன் அணு ஆனதும் மூட்டம் விலகியது என்றார்கள். சரி, புரிந்தது. பத்து நிமிடம் கழித்து அதே குரல், "முதல் கேலக்ஸிகள் அந்த அணுக்களை மறுபடி உடைத்து எலக்ட்ரான்களைப் பிரித்தன, பனிமூட்டம் விலகியது" என்கிறது.

மகள் தோசையை அப்படியே வைத்துவிட்டு, "அப்பா, எலக்ட்ரான் தனியா இருந்தா மூட்டமா, சேர்ந்து இருந்தா மூட்டமா?" என்று கேட்டாள். நான் "ஆறுது, சாப்பிடு" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. யாராவது விளக்குங்கள், மானம் போகிறது.

ஓய்வு பெற்ற வாத்தியார் | பிப்ரவரி 14, இரவு 10:51

முப்பத்திரண்டு வருடம் பிளஸ் டூ இயற்பியல் எடுத்தேன். ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. (பாடத்திலும் இல்லை, அது வேறு கதை.)

எனக்குத் தெரிந்தது இது: முழு அணுவாக இருக்கும் ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சும். அயனியான ஹைட்ரஜனில் தாவுவதற்கு எலக்ட்ரானே இல்லை, அதனால் உறிஞ்சாது. ஆக இரண்டாவதுதான் நிஜமான மூட்டம். முதலாவது வெறும் வெப்பத்தால் வந்தது என்று நினைக்கிறேன். இதற்கு மேல் கேட்டால் மேசையைத் தட்டி "அமைதி" என்று சொல்லிவிடுவேன்.

நிறமாலை | பிப்ரவரி 15, காலை 7:05

வாத்தியார் சார் சொன்னதில் முதல் பாதி சரி. முதல் மூட்டத்துக்குக் காரணம் வெப்பம் என்பதை மட்டும் திருத்திக்கொள்ளலாம். (என் பிழைப்பே இந்தத் துறைதான், அதனால் கொஞ்சம் நீளும்.)

இரண்டும் ஒரே மூட்டம் இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் கோளாறு.

தனியாகத் திரியும் எலக்ட்ரான் பாகுபாடு பார்க்காது. சிவப்போ நீலமோ, எந்த ஒளி வந்தாலும் சிதறடிக்கும். 3,80,000 ஆண்டுக்கு முன் இருந்தது இந்த வகை. மார்கழிப் பனியில் ஹெட்லைட் போட்ட மாதிரி, பனிமூட்டம் என்ற சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

அணுவாகச் சேர்ந்துவிட்ட ஹைட்ரஜன் அப்படி இல்லை, ஆள் பார்த்துத்தான் நிறுத்தும். 91.2 நானோமீட்டரை விடக் குறுகிய புற ஊதா ஒளி வந்தால் விழுங்கி, எலக்ட்ரானை வெளியே தள்ளிவிடும். அதற்கு வேண்டிய ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட். அப்புறம், 121.6 நானோமீட்டர் போன்ற சில குறிப்பிட்ட அலைநீளங்களைப் பிடித்து வேறு பக்கம் எறியும். 121.6-க்கு லைமன் ஆல்ஃபா என்று பெயர். இவை தவிர மற்ற எதையும் சீண்டாது. நம் கண்ணுக்குத் தெரியும் 400 முதல் 700 நானோமீட்டர் ஒளி அந்த வாயுவுக்குள் கண்ணாடிக்குள் போவது போலப் போய்விடும்.

ஆகவே அணுக்கள் உருவான பிறகு முதல் விண்மீன்கள் வரும் வரை இருந்த இருண்ட காலத்தில் நீங்கள் அங்கே நின்றிருந்தால் மூட்டம் எதுவும் தெரிந்திருக்காது. விளக்கே இல்லாததால்தான் இருட்டு. முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியதும் அவற்றின் சாதாரண ஒளி தடையில்லாமல் கிளம்பிவிட்டது, புற ஊதா மட்டும் மாட்டிக்கொண்டது. வீடியோ செய்பவர்கள் இரண்டாம் முறை "பனிமூட்டம்" என்று சொல்லாமல் "புற ஊதாவுக்கு மட்டும் சுவர்" என்று சொன்னால் உங்கள் வீட்டு தோசை ஆறியிருக்காது.

மொட்டைமாடி | பிப்ரவரி 15, காலை 9:12

நன்றி சார். அப்படியே படித்துக் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது. கேலக்ஸிகள் அணுவை உடைத்தால் எலக்ட்ரான்கள் மறுபடி தனியாகிவிடுமே, அப்போது முதல் மூட்டம் திரும்பி வர வேண்டாமா?

நான் எதுவும் சொல்லவில்லை. ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

நிறமாலை | பிப்ரவரி 15, மதியம் 1:40

பாப்பாவை ஒரு நாள் எங்கள் கருத்தரங்குக்குக் கூட்டி வாருங்கள்.

மூட்டம் வரத்தான் வேண்டும். வந்தது, ஆனால் மிக மெல்லியதாக. இடைப்பட்ட காலத்தில் அண்டம் விரிந்துவிட்டதல்லவா? செம்பெயர்ச்சி என்பது அந்த விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு; எண் பெரிதானால் காலம் பழையது, அதோடு ஒன்றைக் கூட்டினால் அன்றிலிருந்து அண்டம் எத்தனை மடங்கு விரிந்தது என்று வரும். அணுக்கள் முதலில் உருவான காலத்தின் செம்பெயர்ச்சி சுமார் 1100. கேலக்ஸிகள் அயனியாக்கிய காலத்துக்கு நடுவாந்திரமாக 7 என்று வைத்துக்கொள்வோம். நீள அளவில் 1100/8, அதாவது சுமார் 137 மடங்கு விரிவு. கன அளவுக்கு அதை மும்மடி ஆக்கினால் ஏறக்குறைய 26 லட்சம் மடங்கு. அவ்வளவு தூரம் எலக்ட்ரான் கூட்டம் கலைந்துவிட்டது. செம்பெயர்ச்சி 7-இல் ஒரு கன மீட்டருக்கு ஹைட்ரஜன் சுமார் 100 அணுக்கள்தான். உங்கள் வீட்டு பீரோ அளவு இடத்தில் நூறு அணு.

முன்பு ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) சில ஆயிரம் ஒளியாண்டு போவதற்குள் ஓர் எலக்ட்ரானில் முட்டிவிடும். செம்பெயர்ச்சி 7-இல் அதே தூரம் 1000 கோடி ஒளியாண்டைத் தாண்டிவிட்டது. ஆகவே பெரும்பாலானவை முட்டாமலே நம்மிடம் வந்துவிடுகின்றன.

பெரும்பாலானவை என்றுதான் சொன்னேன், எல்லாம் இல்லை. முதல் மூட்டம் விலகியபோது கிளம்பிய அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து இந்த இரண்டாம் முறை வந்த எலக்ட்ரான்களில் முட்டி வந்தவை. பிளாங்க் செயற்கைக்கோள் 2018-இல் தந்த எண் 0.054, பிழை 0.007. அந்த மெல்லிய மூட்டம்தான் நமக்குக் கிடைத்த பெரிய தடயங்களில் ஒன்று.

கொக்குவில் யாழினி | பிப்ரவரி 15, இரவு 8:30

நல்ல இழை. நாங்கள் இலத்திரன், புரோத்தன், ஐதரசன் என்றுதான் படித்தோம், அப்படியே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

எனக்கு ஒரு ஐயம். பிரிந்த இலத்திரன் திரும்பவும் புரோத்தனோடு சேர்ந்துவிடாதா? ஒருமுறை உடைத்தால் போதுமா, அல்லது ஓயாமல் உடைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

நிறமாலை | பிப்ரவரி 15, இரவு 9:15

இதுவும் அடர்த்தியைப் பொறுத்தது, யாழினி. சராசரி அடர்த்தி உள்ள இடத்தில் ஓர் எலக்ட்ரானும் புரோட்டானும் திரும்பச் சந்தித்துச் சேர 100 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அப்போது அண்டத்தின் மொத்த வயதே சுமார் 75 கோடி. அதனால் வெட்டவெளியில் ஒருமுறை உடைத்தால் பெரும்பாலும் உடைந்ததுதான்.

வாயு கட்டிதட்டிக் கிடக்கும் இடங்களில் நிலைமை வேறு. அங்கே சேர்வதும் உடைவதும் மாறி மாறி நடக்கும், ஃபோட்டான்கள் ஓயாமல் செலவாகும். எந்த அளவுக்குக் கட்டி என்பதில்தான் எங்களுக்குள் பாதிச் சண்டை.

சும்மா வந்தவன் | பிப்ரவரி 16, காலை 11:03

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் போய்ப் பார்த்தது? முதலில் ஒரு தேதி சொல்வார்கள், பிறகு மாற்றுவார்கள். இப்போது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்து பெருவெடிப்பே பொய் என்று காட்டிவிட்டதாமே.

ஓய்வு பெற்ற வாத்தியார் | பிப்ரவரி 16, காலை 11:20

தம்பி, "யார் பார்த்தது" என்பது நல்ல கேள்வி. "ஆமே"யில் முடியும் வாக்கியங்களில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. நிறமாலை, முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நிறமாலை | பிப்ரவரி 16, இரவு 10:48

போய்ப் பார்க்க வேண்டியதில்லை, வழியில் வந்த ஒளியை விசாரித்தால் போதும்.

1965-இல் கால்டெக்கில் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் என்ற இருவர் ஒரு யோசனையை எழுதினார்கள். தொலைவில் ஒரு குவாசர், அதாவது நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளையில் வாயு விழுவதால் பயங்கரமாக ஒளிரும் கேலக்ஸி மையம். அதன் ஒளி நம்மை நோக்கி வரும்போது அண்டம் விரிவதால் அலைநீளம் நீண்டுகொண்டே வரும். 110 நானோமீட்டரில் கிளம்பிய ஒளி வழியில் எங்கோ ஓரிடத்தில் சரியாக 121.6 ஆகும். 105-இல் கிளம்பியது இன்னும் தள்ளி வேறோர் இடத்தில் 121.6 ஆகும். நெடுஞ்சாலை முழுக்க டோல்கேட் இருக்கிறது, எல்லா கேட்டிலும் "121.6 எண் வண்டியை மட்டும் நிறுத்து" என்று உத்தரவு. ஆனால் ஒவ்வொரு வண்டியும் போகப் போகத் தன் எண்ணை மாற்றிக்கொண்டே போகிறது. அப்படியானால் எந்த வண்டி வந்து சேரவில்லை என்று பார்த்தாலே, எந்த கேட்டில் காவல்காரர் இருந்தார் என்று தெரிந்துவிடும். காவல்காரர்தான் அணுவாக இருக்கும் ஹைட்ரஜன்.

அவர்கள் பார்த்தது 3சி 9 என்ற குவாசர், செம்பெயர்ச்சி 2 அளவு. கேட்டெல்லாம் காலி. ஆகவே அந்தக் காலத்துக்குள் இடைவெளி வாயு முழுக்க அயனியாகிவிட்டது என்று சொல்ல முடிந்தது. எப்போது ஆனது என்று அறிய இன்னும் தொலைவான குவாசர் வேண்டும். அதற்காக 36 வருடம் காத்திருந்தார்கள்.

2001-இல் ஸ்லோன் வானளவையில் செம்பெயர்ச்சி 6.28 உள்ள ஒரு குவாசர் கிடைத்தது. ராபர்ட் பெக்கரும் ஷியாவ்ஹுய் ஃபேனும் மற்றவர்களும் அதன் நிறமாலையைப் பார்த்தபோது, லைமன் ஆல்ஃபாவுக்கு நீலப் பக்கம், அதாவது அதை விடக் குறுகிய அலைநீளங்களில், ஒளி 150 மடங்குக்கு மேல் விழுந்து பூஜ்யத்தில் படுத்துக்கிடந்தது. முதுகலை படிக்கும்போது அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். இடது பக்கம் தரையோடு தரையாக ஒரு கோடு, பிறகு திடீரென்று செங்குத்தாக ஒரு சிகரம். பிரிண்டர் மை தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இதில் ஒரு பொறி உண்டு. பத்தாயிரத்தில் ஒரு அணு உடையாமல் இருந்தாலே அந்தக் கோடு பூஜ்யத்துக்குப் போய்விடும். அதாவது பூஜ்யத்தைப் பார்த்ததும் "எல்லாம் அணுவாகவே இருந்தது" என்று முடிவு கட்ட முடியாது. கடைசி மிச்சங்கள் தீரும் கட்டம் என்றும் இருக்கலாம்.

தேதி மாற்றியதைப் பற்றி: ஆமாம், மாற்றினோம். நான் மேலே சொன்ன 0.054 என்ற எண் 2003-இல் டபிள்யூமேப் என்ற முந்தைய செயற்கைக்கோளின் முதல் ஆண்டுத் தரவில் 0.17 ஆக இருந்தது. அது உண்மையாக இருந்தால் முதல் விண்மீன்கள் மிக மிகச் சீக்கிரம் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணை நம்பி எத்தனையோ கட்டுரைகள் எழுதப்பட்டன. அளக்க வேண்டிய முனைவாக்கம் (எலக்ட்ரானில் முட்டிய ஒளியின் அலைவு ஒரு திசைப் பக்கம் சாய்வது) மிக நுண்ணியது. நம் பால்வெளியின் தூசியும் காந்தப்புலமும் அதன் மேல் கூச்சல் போடும். கூச்சலைக் கழிக்கக் கழிக்க எண் இறங்கியது. இதை வெட்கப்பட வேண்டிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

மொட்டைமாடி | பிப்ரவரி 17, காலை 6:55

டோல்கேட் வீட்டில் ஹிட். ஆனால் ஒரே நாளில் எல்லாக் காவல்காரரும் வீட்டுக்குப் போய்விட்டார்களா?

கொக்குவில் யாழினி | பிப்ரவரி 17, காலை 8:10

அது எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன். ஆப்பம் சுடும்போது பார்த்திருப்பீர்கள். மா ஊற்றினதும் இங்கொன்று அங்கொன்றாகச் சின்ன ஓட்டைகள் விழும். ஒவ்வொரு பேரடை (கேலக்ஸி) கூட்டத்தைச் சுற்றியும் அப்படி ஒரு குமிழி விழுந்தது. உள்ளே அயனி, வெளியே ஐதரசன் அணு.

நிறமாலை | பிப்ரவரி 17, காலை 8:44

ஆப்பத்தில் ஓட்டை ஓரளவோடு நின்றுவிடும். இங்கே ஓட்டைகள் வளர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் மாவே இல்லாமல் போய்விட்டது. அதைத் தவிர உவமை பிரமாதம்.

ஓட்டையின் விளிம்பு எவ்வளவு கூர்மை என்பதையும் சொல்கிறேன். அணுவாக உள்ள வாயுவுக்குள் 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் இரண்டாயிரம் ஒளியாண்டுகூடப் போகாது, மாட்டிக்கொள்ளும். குமிழியோ பல லட்சம், பிறகு பல கோடி ஒளியாண்டு அகலம். ஆகவே மங்கலான மாற்றம் கிடையாது, கத்தியால் வெட்டிய மாதிரி ஓர் ஓரம். அது வெளியே நகர்ந்துகொண்டே போகும், கடந்து போன இடத்தில் வாயு 10,000 கெல்வின் அளவுக்குச் சூடாகும்.

2023-இல் ஜேம்ஸ் வெப்பை வைத்து சைமன் லில்லியின் குழு ஒரு பிரகாசமான குவாசர் இருக்கும் திசையில் 117 கேலக்ஸிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சுற்றி சுமார் 20 லட்சம் ஒளியாண்டு ஆரத்துக்கு வாயு தெளிவாக இருந்தது. பெருவெடிப்புக்கு 90 கோடி ஆண்டுக்குப் பிந்தைய காலம் அது. கேலக்ஸி இருக்கும் இடத்தில் ஓட்டை இருப்பதை நேரடியாகப் பார்த்தாகிவிட்டது.

மாவு எப்போது தீர்ந்தது? செம்பெயர்ச்சி 6 என்று பாடப்புத்தகங்கள் இன்னும் சொல்லும். இப்போது பலரும் 5.3 என்கிறோம், பெருவெடிப்புக்கு 110 கோடி ஆண்டு கழித்து. செம்பெயர்ச்சி 5.5 பக்கத்தில்கூட ஒரு குவாசரின் பாதையில் நீண்ட இருட்டுப் பட்டை இருப்பதை 2015-இல் கண்டார்கள். இத்தனை பின்னாலும் எப்படி என்று எல்லோரும் குழம்பினோம். இப்போது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் கிரீஷ் குல்கர்ணியும் கூட்டாளிகளும் 2019-இல், மாவுத் திட்டுகள் அதுவரை மிச்சம் இருந்தன என்று வைத்தாலே கணக்கு சரியாக வருகிறது என்று உருவகக் கணிப்பில் காட்டினார்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார் | பிப்ரவரி 17, மாலை 5:30

இவ்வளவு ஃபோட்டானை யார் தந்தது? நான் படித்த காலத்தில் குவாசர் என்றுதான் நினைப்பு. இப்போது ஏன் எல்லோரும் கேலக்ஸி, கேலக்ஸி என்கிறீர்கள்?

நிறமாலை | பிப்ரவரி 17, இரவு 11:10

குவாசர்கள் அந்தக் காலத்தில் தலைக்கணக்கு குறைவு, சார். இன்னொரு சாட்சி ஹீலியம். ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 54.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். விண்மீன்களால் அவ்வளவு கடினமான ஒளி தர முடியாது, குவாசரால் முடியும். ஹைட்ரஜனைக் குவாசர்தான் உடைத்தது என்றால் ஹீலியமும் கூடவே உடைந்திருக்க வேண்டும். ஆனால் அது செம்பெயர்ச்சி 3 பக்கத்தில்தான் முடிகிறது, பெருவெடிப்புக்கு 200 கோடி ஆண்டு கழித்து. அந்த வேலை குவாசருடையது, முந்தைய வேலை பெரும்பாலும் விண்மீன்களுடையது.

விண்மீன் என்றால் நம் சூரியன் மாதிரி இல்லை. சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின், அதிலிருந்து வரும் அயனியாக்கும் ஒளி ஒன்றுக்கும் ஆகாது. 30,000 கெல்வினுக்கு மேல் கொதிக்கும் ராட்சத விண்மீன்கள் வேண்டும். அவை சில பத்து லட்சம் ஆண்டில் எரிந்து தீர்ந்துவிடும்.

தத்துவப்படி பார்த்தால் செலவு அற்பம்தான். ஹைட்ரஜன் ஹீலியமாக இணையும்போது ஒரு புரோட்டானுக்கு சுமார் 70 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். ஓர் அணுவை உடைக்க 13.6 போதும். ஆக பத்து லட்சம் அணுவில் இரண்டு விண்மீனுக்குள் எரிந்தாலே மற்றதெல்லாம் உடைக்கலாம். நடைமுறையில் பெரும்பாலான ஃபோட்டான்கள் கேலக்ஸியை விட்டு வெளியே வருவதே இல்லை என்பதுதான் சிக்கல்.

குறுந்திரள் | பிப்ரவரி 18, காலை 10:25

இந்த இடத்தில் நானும் நுழைகிறேன். ஆராய்ச்சி விட்டு ஐ.டி.க்குப் போனவன், பழைய பாசம்.

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக் கணக்கு மாதிரி பாருங்கள். ஊரில் எத்தனை மாடு, ஒரு மாடு எத்தனை லிட்டர், கன்று குடித்ததும் வீட்டுக்கு எடுத்ததும் போக எவ்வளவு கேனில் வந்து விழுகிறது. கேலக்ஸிகளின் மொத்தப் புற ஊதா ஒளி மாடு. அந்த ஒளியில் அயனியாக்கும் ஃபோட்டான் எவ்வளவு என்பது கறவை. கேலக்ஸிக்குள் இருக்கும் வாயுவும் தூசியும்தான் கன்று. அது குடித்தது போக வெளியே தப்பும் பங்குதான் எல்லோரையும் அழ வைப்பது. பத்து முதல் இருபது சதவீதம் தப்பினால் போதும் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கேலக்ஸிகளில் தேடினால் பெரும்பாலும் ஓரிரு சதவீதம்கூடத் தேறவில்லை.

ஆதிக் கேலக்ஸிகளில் நேரடியாக அளக்கவும் முடியாது. வெளியே வந்த ஃபோட்டானை வழியில் உள்ள வாயு விழுங்கிவிடும், நம்மிடம் வராது. கேன் சொசைட்டிக்கு வருவதற்குள் யாரோ குடித்துவிடுகிறார்கள்!

நிறமாலை | பிப்ரவரி 18, மதியம் 12:50

அதனால்தான் கிட்டத்தில் அதே சாயலில் உள்ளவற்றைப் பிடித்து அளக்கிறோம். 2007-இல் கேலக்ஸி ஜூ என்ற திட்டத்தில் பொதுமக்கள் படங்களை வகைபிரித்துக்கொண்டிருந்தபோது, சின்னதாக, பச்சையாக, உருண்டையாகச் சிலவற்றைப் பார்த்து "பட்டாணி" என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டாக வைத்த பெயர், இப்போது கட்டுரைத் தலைப்புகளில் இருக்கிறது. யூரி இசோட்டோவின் குழு ஹபிளை வைத்து அந்தப் பட்டாணிகளை அளந்தது. 2016-இல் முதல் பட்டாணியில் சுமார் 8 சதவீதம் கசிவு. 2018-இல் ஒன்றில் 72 சதவீதம் வந்தது. கன்று கிட்டத்தட்டப் பட்டினி.

அப்புறம் நம் ஊர்ச் செய்தி. ஆஸ்ட்ரோசாட் என்ற நம் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியை வைத்து புனே ஐயூக்கா வானியல் மையத்தின் கனக் சாஹாவும் குழுவும் 2020-இல், செம்பெயர்ச்சி 1.42 உள்ள ஒரு கேலக்ஸியிலிருந்து இந்த ஒளி கசிவதைக் கண்டார்கள். அந்த ஒளி கிளம்பி 930 கோடி ஆண்டு ஆகிறது. கசிவு குறைந்தது 20 சதவீதம். ஹபிளை விடச் சின்னக் கண்ணாடியில் இது சாத்தியமானதற்கு அந்தக் கருவியின் பின்னணி இரைச்சல் மிகக் குறைவாக இருந்ததும் ஒரு காரணம்.

குறுந்திரள் | பிப்ரவரி 18, இரவு 9:40

சரி, என் கட்சிக்கு வருகிறேன். யார் உடைத்தது என்றால் குட்டிகள்தான். 2024-இல் ஹக்கீம் அத்தெக் குழு ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தை, ஒளியை வளைத்துப் பெரிதாக்கும் ஈர்ப்பு லென்ஸாக வைத்து, பின்னால் இருந்த எட்டு மிக மங்கலான கேலக்ஸிகளை ஜேம்ஸ் வெப்பில் பிடித்தது. முன்பு நினைத்ததை விட நான்கு மடங்கு அயனியாக்கும் ஃபோட்டான்கள். அவற்றில் 5 சதவீதம் தப்பினாலே வேலை முடிந்துவிடும். எண்ணிக்கையில் குட்டிகள்தான் அதிகம். குடியானவர்கள் சேர்ந்து ஏரி வெட்டிய கதை.

நிறமாலை | பிப்ரவரி 18, இரவு 10:15

எட்டே எட்டு, அதுவும் வானத்தில் ஒரே இடத்தில். தப்பும் பங்கு அளந்தது இல்லை, வைத்துக்கொண்டது. நான் அவ்வளவு சீக்கிரம் கையெழுத்துப் போட மாட்டேன்.

எதிர்க்கட்சியும் இருக்கிறது. ரோஹன் நாயுடு முதலியோர் 2020-இல், ஐந்து சதவீதத்துக்கும் குறைவான பெரிய கேலக்ஸிகளே எண்பது சதவீதத்துக்கு மேற்பட்ட வேலையைச் செய்திருக்கலாம் என்று எழுதினார்கள். அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் "பண்ணையார்கள்" என்று சொல்லலாம். அப்படியானால் அயனியாக்கம் தாமதமாகத் தொடங்கி மளமளவென்று முடியும். குட்டிகள் என்றால் சீக்கிரம் தொடங்கி மெதுவாக நடக்கும். ஓட்டைகளின் அளவும் வேறுபடும், பண்ணையார் கணக்கில் குறைவான, பெரிய ஓட்டைகள்.

குறுந்திரள் | பிப்ரவரி 18, இரவு 10:31

பண்ணையார் மாட்டில் தூசி அதிகம், கன்றும் நிறைய. கேனுக்கு எங்கிருந்து வரும்?

நிறமாலை | பிப்ரவரி 18, இரவு 10:58

குட்டிகளுக்கு வேறு தலைவலி. வாயுவில் ஓட்டை போடுவது சூப்பர்நோவா. அது வெடிப்பதற்குள் ஃபோட்டான் தரும் பெரிய விண்மீன்களில் பாதி செத்துவிடும். கதவு திறக்கும்போது வீட்டில் ஆள் இல்லை. இரட்டை விண்மீன்கள் ஒன்றிலிருந்து ஒன்று வாயு இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் ஒளி தரும் என்பதால் ஓரளவு சமாளிக்கலாம். அதோடு அயனியாகிச் சூடான வாயு மிகச் சின்னக் கேலக்ஸிகளின் ஈர்ப்பில் நிற்காது. தான் போட்ட அடுப்பில் தானே பட்டினி கிடக்கும் கதை.

சும்மா வந்தவன் | பிப்ரவரி 19, காலை 9:30

டோல்கேட் எனக்கே புரிந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜேம்ஸ் வெப் கேள்வியை நைசாக விட்டுவிட்டீர்கள்.

நிறமாலை | பிப்ரவரி 19, இரவு 8:20

விடவில்லை. பெருவெடிப்பை அது ஒன்றும் செய்யவில்லை. எங்கள் கணக்கைத்தான் குழப்பியிருக்கிறது, அதுவும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. முன்பு ஃபோட்டான் போதவில்லை என்று கவலை. இப்போது மிஞ்சிவிட்டது. ஜேம்ஸ் வெப் காட்டிய மாடு, கறவை, பட்டாணியில் பார்த்த கசிவு மூன்றையும் அப்படியே பெருக்கினால் அயனியாக்கம் மிகச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று 2024-இல் ஹூலியன் முன்யோஸ் குழு சுட்டிக்காட்டியது. அப்படி முடிந்தால் பிளாங்கின் 0.054-உடனும் குவாசர்கள் காட்டும் 5.3-உடனும் ஒத்துவராது. கசிவு அப்போது குறைவாக இருந்திருக்கலாம், கட்டிகள் நாம் நினைத்ததை விட அதிகம் விழுங்கியிருக்கலாம். 0.054-ஐயே திரும்ப அளக்க வேண்டும், 0.09 என்றால் வேறு சில முடிச்சுகளும் அவிழும் என்று 2025-இல் சிலர் எழுதினார்கள். எனக்கு அந்தக் கடைசி வழியில் ருசி இல்லை. 0.17-இல் சூடு பட்ட பூனை நான்.

இதற்கு நடுவில் 2025 மார்ச்சில் இன்னொரு கூத்து. பெருவெடிப்புக்கு 33 கோடி ஆண்டு கழித்து இருந்த, செம்பெயர்ச்சி 13 உள்ள ஒரு கேலக்ஸியில் லைமன் ஆல்ஃபா கோடு தெரிந்தது. 121.6 நானோமீட்டர் 14 மடங்கு நீண்டு 1.7 மைக்ரானில் வந்து நின்றது. அந்தக் காலத்தில் எல்லா டோல்கேட்டிலும் காவல் இருக்க வேண்டும், வண்டி எப்படித் தப்பியது? தன்னைச் சுற்றி அதற்குள் ஒரு குமிழி ஊதியிருந்தால்தான் உண்டு. அதை ஊதியது சூடான விண்மீன்களா, நடுவில் ஒரு கருந்துளையா என்று இன்னும் வாக்குவாதம்.

மொட்டைமாடி | பிப்ரவரி 20, காலை 7:15

இந்த அணு ஹைட்ரஜனை நேரடியாகவே பார்க்க வழி இல்லையா? காவல்காரரையே படம் எடுப்பது மாதிரி.

நிறமாலை | பிப்ரவரி 20, இரவு 11:30

உண்டு, என் தூக்கம் போவதே அதில்தான். அணு ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலை தரும், 1420 மெகாஹெர்ட்ஸ். நான் சொன்ன செம்பெயர்ச்சி 13-க்கு 14-ஆல் வகுத்தால் 101 சொச்சம். உங்கள் எஃப்.எம். ரேடியோவின் நட்டநடு. அந்தக் காலத்து ஹைட்ரஜன் பேசுவது சினிமாப் பாட்டுக்கு நடுவில்!

அதனால்தான் ஆள் இல்லாத இடம் தேடி ஓடுகிறார்கள். 2018-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் எட்ஜஸ் என்ற சின்னக் கருவி 78 மெகாஹெர்ட்ஸில் அந்த ஹைட்ரஜன் ரேடியோ அலையை உறிஞ்சியதால் வந்த ஒரு பள்ளம் பார்த்ததாகச் சொன்னது, எதிர்பார்த்ததை விட இரண்டு மடங்கு ஆழம். உலகமே பரபரத்தது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் தங்கள் சாரஸ் 3 கருவியை 2020-இல் கர்நாடகத்தில் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். அடியில் மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக இருந்தால் சிக்னலைக் குழப்பும், தண்ணீர் ஒரே சீராக இருக்கும். 2022-இல் வந்த முடிவு: அந்தப் பள்ளம் இல்லை, 95 சதவீத நம்பகத்துடன். தெர்மோகோல் மிதவையில் ஆன்டெனாவை வைத்து உலகப் பரபரப்பை அடக்கியது எனக்கு இன்னும் அலுக்காத கதை.

குமிழிகளின் கோலத்தையே பிடிக்க தென் ஆப்பிரிக்காவின் கரூவில் ஹீரா என்ற ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 14 மீட்டர் தட்டுகள் 350. பிவிசி குழாய், கம்பி வலை, தந்திக்கம்பம் வைத்துக் கட்டியவை. நம் புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி முன்பே முயன்று உச்சவரம்பு சொன்னது. எல்லோரிடமும் இதுவரை இருப்பது "இதை விடப் பெரிய சிக்னல் இல்லை" என்ற வரம்புகள்தான்.

கொக்குவில் யாழினி | பிப்ரவரி 21, காலை 7:40

மிதவையில் அன்ரெனாவா! படம் தேடிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கட்டுமரம் மாதிரியே இருக்கிறது.

மொட்டைமாடி | பிப்ரவரி 21, இரவு 9:05

மகள் கடைசியாக ஒன்று கேட்கிறாள். எங்கள் மாடியில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. இந்த விஷயத்தில் அதில் பார்க்க ஏதாவது உண்டா? பட்டாணியாவது தெரியுமா?

நிறமாலை | பிப்ரவரி 21, இரவு 9:50

பட்டாணி ரொம்ப மங்கல், முடியாது. 3சி 273 என்ற குவாசரைத் தேடுங்கள். பொலிவெண் 12.9, நல்ல இருட்டில் 8 அங்குலத்துக்குக் கிடைக்கும். 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் முதன்முதலில் செம்பெயர்ச்சி கண்டுபிடித்த குவாசர் இதுதான். கன்னி ராசியில் போரிமா என்ற விண்மீனிலிருந்து ஏறக்குறைய ஐந்து பாகை வடமேற்கே. ஏப்ரலில் ராத்திரி பத்து மணிக்கு வசதியான உயரத்தில் இருக்கும். ஒளி கிளம்பி சுமார் 200 கோடி ஆண்டு ஆகிறது. வந்த வழியில் டோல்கேட்டெல்லாம் ஏறக்குறைய காலி.

மொட்டைமாடி | ஏப்ரல் 19, நள்ளிரவு 12:35

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். ஊர் மாடியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. இன்று மாமனார் தோட்டத்துக்கு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பத்தே முக்காலுக்கு மகள்தான் பிடித்தாள். வரைபடத்தில் உள்ள பக்கத்து விண்மீன்களை மூன்று தடவை சரிபார்த்தோம், அதுதான். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, சாதாரணப் புள்ளி. நேராகப் பார்த்தால் மறைகிறது, கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்தால் இருக்கிறது.

மாமனாரும் குனிந்து பார்த்தார். "இதுக்கா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க மாப்பிள்ளை" என்றார். மகள் அவருக்கு டோல்கேட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். இன்னும் முடியவில்லை.